பால்கனிக்கு இரண்டு விடைகள்

அன்பிற்குரிய மச்சான்,

உங்கள் மனைவியின் தம்பி, பொறியாளன் இராமநாதன் எழுதுகிறேன். நோக்கம் ஒன்றுதான். கீழச்சிவல்பட்டிக் கல்யாண மண்டபத்துக்கு நீங்கள் கையால் கணக்கிட்டு வரைந்து கொடுத்த இரும்புப் பால்கனி, நீங்கள் கண்மூடிய பிறகு கட்டி முடிந்துவிட்டது. அதைத் திறக்கலாமா என்று கையெழுத்திட வேண்டியவன் நான். உங்களிடம் சொல்லாமல் பேனாவை எடுக்க மனம் வரவில்லை.

சென்னையில் ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டருக்கு, அட்டைகளில் துளையிட்டு, அதே பால்கனியின் கணக்கைக் கொடுத்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் உங்கள் விடையும் அதன் விடையும் ஏறக்குறைய ஒன்றே. பால்கனியைத் தாங்கும் பிராக்கெட் தூணோடு சேரும் உள்மூலையில் மட்டும், இரும்புக்குள் ஏறும் அழுத்தம் என்று அது சொல்லும் தகைவு உங்களுடையதைப் போல் இருமடங்கு.

மூலையைக் கத்திமுனைபோல் கூர்மையாக எழுதிக் கொடுத்தவன் நான்தான். கம்ப்யூட்டர் இரும்பைக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடும்; கட்டங்களைச் சிறிதாக்கச் சிறிதாக்க எண் இன்னும் ஏறுகிறது. நிற்க மாட்டேன் என்கிறது. உண்மையில் அங்கே வெல்டிங் வளைந்து நிரம்பியிருக்கிறது. நீங்களோ, மூலை என்று ஒன்று இருப்பதையே கணக்கில் எடுக்கவில்லை. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கே இருக்கிறது?

அக்காவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அவுக கணக்குத் தப்புன்னு மிசின் சொல்லுதாக்கும்? அவுக இருந்திருந்தா அந்த மிசினை உக்கார வச்சுப் பாடம் எடுத்திருப்பாக. அவுகளைக் குத்தம் சொல்லி மட்டும் எழுதிப்புடாதடா" என்றாள்.

மண்டபத் தலைவர் வேறு: "முகூர்த்தக்கால் நட்டாச்சு சார். நீங்க என்னமோ பொண்ணு பாக்க வந்த மாதிரி பால்கனியவே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கீக!"

நேற்று அரியக்குடியில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கேட்டதும், மாடி முழுதும் பரவி நின்ற பெண்கள் அத்தனை பேரும் மணவறை தெரியும் ஒரே மூலைக்கு ஓடினார்கள். பந்திக்கு உட்காராமலே எழுந்து வந்துவிட்டேன். நாம் இருவருமே பாரத்தைச் சமமாகப் பரப்பியல்லவா வைத்திருந்தோம், மச்சான்? யார் எங்கே நிற்பார்கள் என்று நீங்களாவது யோசித்தீர்களா?

நாளைக் காலை மணல் மூட்டைகளை அந்த ஒரு மூலையிலேயே அடுக்கப் போகிறேன். கீழே ஒருவரையும் விடமாட்டேன். பிராக்கெட் எவ்வளவு தாழ்கிறது, மூட்டைகளை இறக்கியதும் எவ்வளவு மீள்கிறது என்று அளப்பேன். கட்டட விதி சொல்லும் அளவுக்கு மீளாவிட்டால் பால்கனியைப் பூட்டுவேன். அறிக்கையில் உங்கள் கணக்கோடு என் கணக்கையும் சேர்த்தே தவறென்று எழுதுவேன். அக்காவிடம் அதை நானே போய்ச் சொல்வேன்.

உங்கள் மைத்துனன்,
இராமநாதன்
காரைக்குடி