அம்மாவின் கருப்புத் திரை

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய்

சிறுசேரி பஸ்ஸில் இன்றும் நின்றுகொண்டேதான் போனேன். வேலையில் மனசு ஒட்டவில்லை, ஞாயிறன்று நடந்ததே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆலயத்தில் பாட்டு வரிகளை ஸ்கிரீனில் போடுவது வருஷக்கணக்காக அம்மாதான். இப்போது கை நடுக்கம். மவுஸ் நழுவி எதையோ அமுக்கிவிட, இரண்டாம் சரணத்தின் நடுவில் பாட்டு மூடிக்கொண்டது. ஆராதனை முடிந்ததும் செயலாளர் ஏசுபாதம் அங்கிள் வந்து, "பேபிம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்களேன். அடுத்த மாசத்துலேர்ந்து மைக் பாக்குற ஜெஃப்ரியே இதையும் பாத்துக்கட்டும்" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் எனக்குக் கடுப்பு. அம்மா வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் பிரச்சினையே இல்லை. மவுஸ்தான் பிரச்சினை. பல்லாவரத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள், கீபோர்டில் மணிக்கட்டை ஊன்றிவிட்டால் விரல் ஒழுங்காக நடக்கிறது. எங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தானே? அதில் விண்டோ மேனேஜரை — ஸ்கிரீனில் எது எங்கே நிற்கணும் என்று பார்த்துக்கொள்கிற மேஸ்திரியை — இஷ்டத்துக்கு மாற்றலாமே! மவுஸே வேண்டாத மேஸ்திரிகளும் உண்டு. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை? மண்டு, மண்டு.

ஆகஸ்ட் 9, சனி

ஓப்பன்பாக்ஸ், ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஐஸ்டபிள்யூஎம், ஐ3 — நான்கு மேஸ்திரிகளையும் ஏற்றிவிட்டேன். லாகின் பக்கத்தில் எஃப்3 அமுக்கினால் பட்டியல் விழுகிறது. ஒன்றில் நுழை, பார், வெளியே வா, அடுத்ததில் நுழை. நேரம் போனதே தெரியவில்லை. "என்னடி இது, வர்றப்பல்லாம் வேற மூஞ்சி காட்டுது! சாப்பாடு ஆறுது ஜெனி!" என்று அம்மா கத்தினாள்.

ஐ3தான். முடிவு பண்ணிவிட்டேன். வெறும் கருப்புத் திரை, அடியில் மெல்லிசாக ஒரு பட்டை. விண்டோஸ் பட்டனோடு 1 அமுக்கினால் பாட்டு, 2 என்றால் வேத வாசிப்பு, 3 அறிவிப்பு. ஐயோ, என்ன வேகம்!

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆபீஸுக்கு அம்மா போன். "ஜெனி, கம்ப்யூட்டர் போயிடுச்சு. ஒண்ணுமே வரல, ஒரே கருப்பு. பயந்துபோய் ப்ளக்கைப் பிடுங்கிட்டேன்."

ஒரு தடவை இல்லை. போடுவதும் பிடுங்குவதுமாகவே இருந்திருக்கிறாள். சாயங்காலம் சொன்னேன்: "கருப்பா இருந்தா ரெடின்னு அர்த்தம்மா. டைப்ரைட்டர்ல பேப்பர் மாட்டி வச்சிருப்போம்ல, அது மாதிரி."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

கேட்பாள்தானே. என் தப்பு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. பல்லாவரம் சந்தையில் பழைய கீபோர்டு ஒன்று, கட்டை கட்டையான பட்டன்களோடு. "தட்டிப் பாரும்மா, எப்டி கீது!" என்றார் கடைக்காரர். அம்மா தட்டினாள். அந்த இரைச்சலிலும் சத்தம் கேட்டது. சிரித்துவிட்டாள்! எவ்வளவு நாளாச்சு.

ஆகஸ்ட் 20, புதன்

வீட்டில் ஒத்திகை: நான் பாட்டு நம்பர் சொல்லணும், அம்மா எடுக்கணும். "இன்னும் வேகமா சொல்லுடி" என்கிறாள். எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

ஆகஸ்ட் 23, சனி

ஆலய கம்ப்யூட்டரும் நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததுதான். ஏசுபாதம் அங்கிளிடம் கெஞ்சி அதிலும் ஐ3 ஏற்றினேன். ஜெஃப்ரிக்கு அவனுடைய பழையதே இருக்கும். எஃப்3 அமுக்கி அவரவர் மேஸ்திரியை எடுத்துக்கொள்ளவேண்டியதுதான். "நாளைக்கு ஒரு தடவை பாப்போம். சரிவரலன்னா ஜெஃப்ரிதான், வருத்தப்படக் கூடாது" என்றார். வீட்டில் அம்மாவை வெளியே வந்து எஃப்3 அமுக்கி ஐ3 எடுப்பதை நாலு தடவை செய்துகாட்டச் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை!

நான் பாடகர் குழுவோடு முன்னால் நிற்கிறேன். அம்மா பின்னால், மாடியில். ஸ்கிரீனைப் பார்த்தால் — ஜெஃப்ரியின் மலைப்படம்! காலையில் மைக் சரிபார்க்க வந்தவன் அவனுடைய மேஸ்திரியையே திறந்து விட்டுப் போயிருக்கிறான். மவுஸ் அம்பு அங்குமிங்கும் ஆடுகிறது. ஆர்கன் ஆரம்பித்துவிட்டது. ஓடவும் முடியாது. போச்சு, எல்லாம் போச்சு.

அம்பு நின்றது. மலை மறைந்தது. லாகின் பக்கம் வந்தது, பட்டியல் விழுந்தது. அடுத்த நொடி ஸ்கிரீன் முழுக்கக் கருப்பு.

சபையில் ஒரே முணுமுணுப்பு. ஏசுபாதம் அங்கிள் எழுந்து மாடிப்படிக்கு ஓடுகிறார். எனக்கோ கத்தணும் போல இருந்தது — கெட்டுப்போகல அங்கிள், ரெடியா இருக்கு!

முன்னிசை முடியுமுன் முதல் வரி பளிச்சென்று வந்தது. ஆராதனை நடத்துகிற ஐயர் மூன்றாம் சரணத்தை விட்டுவிட்டு நான்காவதற்குத் தாவினார். அம்மாவும் கூடவே தாவினாள். நான் எங்கே பாடினேன்? அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஜீவிதா முழங்கையால் இடித்தாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மறைமலை நகரில் ஷிஃப்ட் முடித்து ஜெஃப்ரி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். "ஆன்ட்டி, அந்தக் கருப்பு எனக்கும் சொல்லிக்குடுங்க."

ஆகஸ்ட் 30, சனி

அறுப்பின் பண்டிகைப் பாட்டுகளை ஏசுபாதம் அங்கிள் அம்மாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறார். ரெஸ்ட் பற்றி மூச்சே இல்லை.

கேம்ப் ரோடு போய்விட்டு வந்தால் கம்ப்யூட்டர் வேறு மூஞ்சியோடு நிற்கிறது. ஃப்ளக்ஸ்பாக்ஸ்!

"யாரும்மா மாத்துனது?"

"நான்தான். நாலு போட்ட, எனக்கு எதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட. மீதி மூணையும் நான் பாக்க வேணாமா? தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிற."

வெளியே வந்து எஃப்3 அமுக்கி அடுத்ததற்குப் போய்விட்டாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கத்தினது நான்.