பதினோரு காய்ச்சல் லெட்டர்

போடி,
வியாழன் இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு முத்துப்பிரியா எழுதுவது. இந்த மழையில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. என் உடம்பு நன்றாக இருக்கிறது. இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, எனக்கு ஒரு நோயும் இல்லை என்று உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதமே. பெரியம்மாவும் பெரியப்பாவும் தூங்கிவிட்டார்கள். சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்து டார்ச்சை மடியில் வைத்து எழுதுகிறேன். யாராவது புரண்டு படுத்தால்கூட டார்ச்சை அணைத்துவிடுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ பேசும்போதெல்லாம் பெரியம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடம் போறியா என்று நீ கேட்கிறாய், நான் போறேன் என்கிறேன். அது பொய் அம்மா.

ஆடி மாதத்திலிருந்து பெரியப்பா என்னை ஏலக்காய் பறிக்கக் கூட்டிப் போகிறார். அவர் ஜீப்பில் பதினான்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய்ப் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் இறக்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் அங்கே சூப்பர்வைசர் கத்துவார். குறைகிற அன்றைக்குப் பெரியப்பா விடியும் முன்னால் வந்து என் போர்வையை இழுத்து, "எந்திரி ஆத்தா, வெரசா கெளம்பு, இன்னைக்கு ஒரு நா தான" என்பார். போன வாரம் அந்த ஒரு நாள் மூன்று நாள் ஆனது. செக்போஸ்ட்டில் யாராவது கேட்டால் பதினெட்டு வயது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். ஜீப்பில் வருகிறவர்களுக்கு அது வேடிக்கை. "பதினெட்டு வயசுக் கெழவி, தள்ளி உக்காரு" என்று கேலி செய்கிறார்கள். செடிக்கு அடியில் குனிந்தே இருப்பதில் எனக்கு வருத்தமில்லை, நீயும் உங்கள் எஸ்டேட்டில் அதைத்தானே செய்கிறாய். ஆனால் நீ அங்கே குனிந்திருப்பது நான் இங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதானே. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பள்ளிக்கூடம் போகாத ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள் இங்கிலீஷில் லீவு லெட்டர் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே லெட்டர்தான். எனக்குக் காய்ச்சல், அதனால் வர முடியவில்லை, தயவுசெய்து விடுப்பு தரவும். எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்கும் அது ஒன்றுதான் தெரியும், கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், காதுகுத்துக்குப் போனாலும் காய்ச்சல். நான் எழுதித் தருவேன், பெரியப்பா ஜீப்பு பானெட்டில் வைத்து என்ன ஏது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் ரோஜா அக்கா சடங்குக்குப் போக முதன்முதலில் அந்த லெட்டரை எழுதச் சொன்னது நீதான். சடங்கு என்று எழுதட்டுமா என்று கேட்டேன். "காச்சல்னு எழுதுடி, அதுக்குத்தான் வாயத் தெறக்காம லீவு குடுப்பாங்க" என்றாய். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சிரித்தோம்.

இந்த வருஷம் எங்களுக்கு இங்கிலீஷ் எடுப்பது பாண்டீஸ்வரி டீச்சர். அவர் வந்த பிறகுதான் எனக்கு இலக்கணம் பிடிபட்டது. முன்பெல்லாம் கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து எழுதுவோம், இவர் ஒரு வாக்கியம் கொடுத்து அதை நேற்று நடந்ததாக மாற்று, நாளை நடக்கப் போவதாக மாற்று என்பார். எனக்கு அது கணக்குப் போடுவதுபோல் வந்தது. புதன்கிழமை போர்டில் ஒரே ஒரு கேள்வி எழுதினார், நேற்று நீ என்ன செய்தாய், பத்து வாக்கியம். எல்லாரும் கோயிலுக்குப் போனேன், சாமி கும்பிட்டேன் என்று எழுதினார்கள். நான் ஜீப்பில் போனேன் என்று தொடங்கினேன். அடுத்தது தானாக வந்தது. பனி அடர்த்தியாக இருந்தது, என் காலில் இரண்டு அட்டை ஏறியது, பழுத்த காயோடு பிஞ்சையும் பறித்துவிட்டதால் சூப்பர்வைசர் என் கூடையைக் கொட்டினார். பத்து வாக்கியம் கேட்டார், நான் பத்தொன்பது எழுதினேன். யார் எழுதியதையும் பார்க்காமல் நானே யோசித்து இங்கிலீஷில் எழுதியது அதுதான் முதல் தடவை. டீச்சர் மூன்று இடத்தில் மட்டும் சிவப்பு மையில் திருத்தி, நன்று என்று எழுதினார். எழுதிவிட்டுத் தேதியைப் பார்த்தார். முந்தின நாளுக்கு நான் கொடுத்த காய்ச்சல் லெட்டர் அவர் மேசை மேலேயே இருந்தது.

என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். எனக்கு உதவி செய்யத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன் அம்மா. "இத வேற யாருட்டயாச்சும் காமிச்சியா" என்று கேட்டார், இல்லை என்றேன். "காமிக்காத. ஆபீசருக வந்தா உங்க பெரியப்பா மாட்டுவாரு, ஸ்கூலு பேரும் சேந்து நாறும். கோயிலுக்குப் போனேன்னு எழுதிக் கொண்டா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்து அவர் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் கோயிலுக்குப் போனேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு தப்பும் இல்லை, பத்துக்குப் பத்து.

இன்றைக்குத்தான் பெரிய விஷயம் நடந்தது. தலைமையாசிரியை என் லெட்டர்களை எண்ணிப் பார்த்திருக்கிறார், பதினோரு காய்ச்சல். இந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்று தெரிய வேண்டும், திங்கட்கிழமை டாக்டர் சர்டிபிகேட்டோடு வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். பாண்டீஸ்வரி டீச்சர் பக்கத்தில்தான் நின்றார், வாயைத் திறக்கவில்லை. பெரியப்பாவிடம் சொன்னேன், பயப்படுவார் என்று பார்த்தால் சந்தோஷப்படுகிறார். அவருக்குத் தெரிந்த ஒருவர் டைபாய்டு என்று சர்டிபிகேட் வாங்கித் தருவாராம். "தை வரைக்கும் ரெஸ்ட்டுன்னு எழுதி வாங்கிட்டா தெனமும் லெட்டர் எழுதுற சோலியும் மிச்சம்" என்று பெரியம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். தை வரைக்கும் என்றால் காய்ப்பறிப்பு முடிகிற வரைக்கும். அதற்குள் எனக்கு வருகைப்பதிவு குறைந்துவிடும், பத்தாம் வகுப்புப் பரீட்சையை இந்த வருஷம் எழுத விட மாட்டார்கள். ஒம்மாகிட்ட மூச்சு விட்டா மூட்டையக் கட்டி எஸ்டேட் லயத்து வீட்டுக்கே அனுப்பிருவேன் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

உங்கள் லயத்து ஜக்கம்மாள் அக்கா ரேஷன் வாங்க இங்கே வந்தவர் நாளைக் காலை உங்கள் எஸ்டேட் ஜீப்பில் ஏறுகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போன் பண்ணாதே, பெரியம்மாதான் எடுப்பார். திங்கட்கிழமை காலை முதலில் வருகிற ஜீப்பில் வந்து இறங்கி, வீட்டுக்கு வராமல் நேரே பள்ளிக்கூடத்துக்கு வா. அன்றைக்குப் பெரியப்பா எழுப்பினால் நான் ஜீப்பில் ஏற மாட்டேன், அடித்தாலும் ஏற மாட்டேன். இதோடு ஒரு இங்கிலீஷ் லெட்டர் வைத்திருக்கிறேன், நீ தலைமையாசிரியைக்கு எழுதுவதுபோல் நான் எழுதியது. உனக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலில் தமிழில் எழுதியிருக்கிறேன். என் மகளுக்கு எந்த நோயும் இல்லை, அவள் வராத நாட்களில் ஏலக்காய் பறிக்க அனுப்பப்பட்டாள், எனக்கு இது தெரியாது, இனி அவள் தினமும் வருவாள், அவளைப் பரீட்சை எழுத விடுங்கள். அவ்வளவுதான் இருக்கிறது. நீ ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், மெதுவாக எழுத்துக்கூட்டிப் படி. அதில் பொய் எதுவும் இருந்தால் அடித்துவிடு. பெரியப்பாபோல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. படித்து முடித்த பிறகு கீழே உன் பெயரை முழுதாக எழுது, ரேகை வைக்காதே. மழையில் நனையாமல் வா. அம்மன் உனக்குத் துணை இருக்கட்டும்.

உன் மகள்,
பொ. முத்துப்பிரியா