அனுமதி பெற்ற போத்தல்

மச்சான்,

போன கிழமை கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கரையில் கவிழ்த்து வைத்திருந்த தோணிக்குப் பின்னாலிருந்து கஞ்சாப் புகையின் மணம் வந்தது. யார் என்று எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று உன்னை நினைத்தேன். அழுகை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்கு நடந்தேன்.

உன்னைக் கட்டிய என் தங்கச்சியையும் உங்கள் இருவரின் மகளையும் சுனாமிக் கடல் கொண்டுபோன அந்த ஞாயிறு காலை, நீ நாவற்குடாவில் யாருடையதோ ஒரு தோணி எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தாய். அதனால் தப்பினாய். அதற்காக உன்னை நீ மன்னிக்கவேயில்லை. அகதி முகாமில் இருவரும் ஒரே கூடாரத்தில் இருந்தோம். இருவருக்கும் நித்திரை இல்லை. நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவன். டாக்டரிடம் மருந்துத் துண்டு எழுதி வாங்கி நித்திரைக் குளிசை போட்டேன். உனக்கும் வாங்கித் தந்தேன். இரண்டு நாளில் மிச்சத்தைத் திருப்பித் தந்தாய்.

“இதப் போட்டா அவள்ர முகம் வருகுதில்ல மச்சான். எனக்கு வேணாம்.”

பிறகு நீ கஞ்சாவுக்குப் போனாய். வேலை முடிந்து பின்னேரம் ஒன்று, அவ்வளவுதான். விடிய எழும்பி எஞ்சின் வேலைக்குப் போனாய். நான் குளிசை போட்டு மத்தியானம் வரை மரக்கட்டை போல இருந்தேன். ஆனால் என்னுடையது ஆஸ்பத்திரி உறையில் இருந்தது, உன்னுடையது பழைய பேப்பரில் சுற்றியிருந்தது. ஆட்கள் உன்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும். சண்டை நடந்து சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த காலம். ஒருநாள் ஊர்ப் போதை ஒழிப்புக் குழுவின் செயலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். கூப்பிட்டு மிரட்டிவிட்டு விடுவார்கள் என்று நினைத்தேன். பொலிஸ் வந்து உன்னைக் கொண்டுபோனது. இரண்டு கிழமை விளக்கமறியலில் பூட்டி வைத்தார்கள்.

“இனித் தொடமாட்டன்” என்று வெளியே வந்ததும் சொன்னாய். தொடவேயில்லை. சாராயக் கடைக்குப் போகத் தொடங்கினாய். அது லைசன்ஸ் உள்ள கடை. “கஞ்சாவ விட்டுட்டான், நல்ல மனிசன்” என்றார் செயலாளர். எனக்கும் சந்தோசம். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு இருந்து நானும் குடித்தேன். ஒருமுறை போத்தலைத் தூக்கிக் காட்டினாய்.

“இது கைய நடுங்க வைக்கிது மச்சான். அது வைக்கல்ல. அதுக்கு மறியல், இதுக்கு லைசன். ஆர் யோசிச்சிச் செஞ்சதோ தெரியா.”

பகிடி என்று சிரித்தேன்.

நடுங்கிய கையால் எஞ்சின் வேலை போனது. வயிறு வீங்கியது. கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரி வாட்டில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருந்த ஒரு பகலில் வெளியே வெடி கொளுத்தினார்கள்.

“என்ன வெடி?”

“சண்டை முடிஞ்சிட்டாம்.”

“ஓம், இனியாச்சும் சனம் நித்திரை கொள்ளட்டும்” என்றாய்.

மூன்றாம் நாள் போய்விட்டாய்.

கஞ்சா நல்லது என்று சொல்ல இதை எழுதவில்லை. அதால் புத்தி பேதலித்தவர்களையும் மருந்து யன்னலில் கண்டிருக்கிறேன். இப்போது வருகிற போதைத் தூள் ஆட்களை என்ன செய்கிறது என்பதையும் காண்கிறேன். ஆனால் நீ எதை எடுக்கிறாய் என்றுதான் எல்லோரும் பார்த்தோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

இந்த மாதம் ஊர்க் கூட்டத்தில் குழு ஒரு மகஜர் கொண்டுவந்தது, போதை பாவிப்பவர்களைப் பிணையில்லாமல் உள்ளே போட வேண்டும் என்று. நான் கையெழுத்து வைக்கவில்லை. இப்போதிருக்கும் செயலாளர் இளம் ஆள். “ஆஸ்பத்திரியில வேலை செய்யிற நீங்களே இப்பிடி நிண்டா எப்பிடி ஐயா?” என்று கேட்டார்.

“என்ட மச்சான நான்தான் பிடிச்சிக் குடுத்தன் தம்பி. மறியல் அவனத் திருத்தல்ல. வேலைக்குப் போய்வந்த ஒருவனப் பிடிச்சிக் குடிகாரனாக்கி விட்டிச்சி. அவ்வளவுதான்.”

மகஜர் அடுத்த வரிசைக்குப் போனது. மற்றவர்கள் கையெழுத்து வைத்தார்கள்.

அத்தனை பேருக்கு முன்னால் சொன்னதை உன்னிடம் சொல்லவில்லை. நீ சாகும்வரை ஒரே சட்டியில் சாப்பிட்டோம். காட்டிக் கொடுத்தது யார் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. தெரியாமல் இருந்தாயா, தெரிந்தே இருந்தாயா? தெரிந்துகொண்டுதான் எனக்குச் சோறு போட்டாய் என்றால், அதை நான் எங்கே இறக்கி வைப்பது மச்சான்?