கிளட்ச் மாற்றிய வாரம்

ஜூலை 5, சனி

காலையிலேயே புழுக்கம். பாபு ஷெட்டில் மின்விசிறி இருக்கிறது, சுற்றுவதில்லை.

வேலை: சிவப்பு வண்டிக்குக் கிளட்ச் மாற்றுவது. இரண்டே சீட் உள்ள பழைய கார். ஆர்.சி. என் பெயரில், ஓட்டுவது மகள் யாழினி. மூன்றாவது கியரில் மிதித்தால் என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர யோசிக்கிறது. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் ஜாக்கி போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் எழுதுவார். எழுதுவதற்கென்றே பிறந்த மனிதர். அதனால் சதுரங்கப்பட்டினத்தில் பாபு ஷெட். பாபு மீன்பிடிப் படகு என்ஜின் பார்ப்பவன். கார் அவனுக்குப் புதிது. ஆனால் ஆள் நின்று வேலை பார்க்கிற பள்ளம் வைத்திருக்கிறான்.

சாமான் எல்லாம் வந்துவிட்டது. பிளேட், கவர், இரண்டு பேரிங், எடை குறைந்த ஃப்ளைவீல். கடைசியது யாழினியின் ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் கூம்பு நிறுத்தி, நேரம் பார்த்து வளைத்து ஓட்டும் ஒரு கூட்டத்தில் இருக்கிறாள். வாரம் முழுக்க படூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததற்கு வைத்தியமாம்.

பாபு புது ஃப்ளைவீலை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். "இன்னா சார் இது, தோசக்கல்லு கணக்கா கீது. பழசு எம்மாம் கனம் இருக்கும். கனத்த எடுத்துட்டா என்ஜின் எப்டி சார் நிதானமா ஓடும்?"

"நிதானம் வேணாம்னுதாண்ணா மாத்தறோம்" என்றாள் யாழினி.

அவன் கேட்டதும் சரிதான். என்ஜினின் பின்னால் சுற்றும் அந்தத் தட்டு கனமாக இருந்தால் வண்டி சோம்பலாகக் கிளம்பும், ஆனால் சுலபத்தில் நிற்காது. எடை குறைந்தால் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். கிளம்பும்போது கால் கவனம்.

உப்புக் காற்றில் ஒரு போல்ட் இறுகிக் கிடந்தது. அதற்கே மதியம் ஆகிவிட்டது. பிறகு கியர் பாக்ஸ். கடைசி போல்ட் வந்ததும் ஜாக்கி சாய்ந்தது. பாபு பலகை கொண்டுவர ஓடினான். பள்ளத்துக்குள் நானும் அவளும். முன்பக்கம் என் தோளில், பின்பக்கம் அவள் கையில். ஆயில் என் காதில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சொன்னாள். "அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

திரும்பி முகத்தைக் கூடப் பார்க்க முடியாது.

"நல்லவர்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. போன் அடிச்சா எடுக்கவே தோண மாட்டேங்குது. வெச்சதும் அப்பாடான்னு இருக்கு. அம்மாகிட்ட சொன்னேன். போகப் போகப் பழகிடும்னாங்க."

நான் சொன்னது: "உன் பக்கம் கொஞ்சம் இறக்கு."

பாபு பலகையோடு வந்துவிட்டான்.

வீட்டில் மல்லிகா கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் மூன்றைப் பரப்பி வைத்திருந்தாள். ஆடி பிறப்பதற்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும், ஆவணியில் கல்யாணம். எது நன்றாக இருக்கிறது என்றாள். நடுவில் இருப்பது என்றேன்.


ஜூலை 6, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

பழைய ஃப்ளைவீல் கழற்றியாயிற்று. தட்டின் முகம் முழுக்கச் சூட்டில் வந்த நீலத் திட்டு, மயிரிழை விரிசல். எப்படியும் மாற்றத்தான் வேண்டியிருந்திருக்கும். இது எனக்கு ஏனோ திருப்தி.

என்ஜின் தண்டின் நடுவில் இருக்கும் குட்டி பேரிங் வரவில்லை. பிடிக்க இடமே கிடையாது. யாழினி டீக்கடையில் பன் வாங்கி, தண்ணீரில் நனைத்து, ஓட்டைக்குள் திணித்து, கம்பி வைத்து அடித்தாள். ஏதோ வீடியோவில் பார்த்தாளாம். பாபு தலையில் கை வைத்துக்கொண்டான். "துன்ற பொருள இப்டி பண்றியேம்மா." நாலாவது துண்டில், உள்ளே அடைந்த பன் பின்னாலிருந்து தள்ள, பேரிங் வெளியே வந்துவிட்டது. பாபு மிச்ச பன்னைத் தின்றுவிட்டு, தன் படகு என்ஜினுக்கு இது ஆகுமா என்று கேட்டான்.

நேற்றுச் சொன்னதைப் பற்றி அவள் பேசவில்லை. நானும். சாயங்காலம் பஸ் ஏறிப் படூர் போய்விட்டாள். ஏறும்போது, "வரேம்பா" என்று மட்டும்.

வாங்க வேண்டியவை: கிரீஸ், கியர் ஆயில், பழைய துணி, மல்லிகாவுக்கு மூட்டுவலித் தைலம்.


ஜூலை 8, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. செங்கல்பட்டு. புது ஃப்ளைவீலையும் கவரையும் சேர்த்து பேலன்ஸ் பார்க்க லேத்துக்குக் கொடுத்தேன். நல்ல வெயில். ஸ்டேஷன் பக்கம் கரும்புச்சாறு, ஐஸ் போடாமல்.

லேத்துக்கு எதிரே நாலு கடை தள்ளி அச்சகம். அங்கேதான் கொடுப்பதாகப் பேச்சு. கண்ணாடிக்குள் யார் யாருடைய பத்திரிகைகளோ தொங்குகின்றன. நின்று எல்லாவற்றையும் படித்தேன். கடைக்காரர் எழுந்து வந்து, "பொண்ணுக்கா, பையனுக்கா சார்?" என்றார். சும்மா பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குப் பயம். அதை எழுதிவைக்கலாம், தப்பில்லை. மாப்பிள்ளையின் அம்மா தங்கமான மனுஷி. பூ வைத்த அன்று யாழினிக்குத் தன் கையால் பூச்சூடி, நெட்டி முறித்தவர். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மல்லிகா வேறு சொந்தம் பூராவுக்கும் சொல்லியாயிற்று.

இரவு மல்லிகாவிடம் ஆரம்பித்தேன். "யாழினி ஏதோ சொன்னா..." அவள் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்டயும்தான் சொன்னா. உங்களக் கட்டிக்கும்போது நான் மட்டும் குதிச்சுகிட்டா வந்தேன்?" படுத்துவிட்டேன்.


ஜூலை 12, சனி

காற்று நன்றாக இருந்தது. கியர் பாக்ஸ் ஏற்றினோம். போன வாரம் அந்தப் பாடு படுத்தியது, இன்று ஒரே தள்ளில் உட்கார்ந்தது. பிளேட்டை நடுவில் சரியாக வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். பாபு கை தட்டினான்.

ஸ்டார்ட் செய்தால் சத்தமே வேறு. மிதித்ததும் மீட்டர் ஊசி துள்ளுகிறது, விட்டதும் விழுகிறது.

யாழினி ஓட்ட, நான் பக்கத்தில். ஷெட் வாசலிலேயே ஒரு முறை நின்றது. ஈ.சி.ஆர். ஏறுமிடத்தில் இன்னொரு முறை, பின்னால் அரசு பஸ் ஹாரன். அப்புறம் பிடிபட்டுவிட்டது அவளுக்கு. கொஞ்சம் கூடுதலாக மிதித்து, காலை மெள்ள எடுக்கிறாள். கடப்பாக்கம் வரை போனோம். கிளட்ச் புதிது, விரட்டக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன்.

கடப்பாக்கத்தில் டீ. மீன் கூடையோடு இரண்டு பெண்கள் காரைச் சுற்றிப் பார்த்தார்கள். "குந்தறதுக்கு ரெண்டே சீட்டா? புள்ளகுட்டிய எங்க வெப்பாங்க?" யாழினி சிரித்தாள். இந்த வாரத்தில் அவள் சிரித்து இப்போதுதான் பார்த்தேன்.

பிறகு கேட்டாள். "அன்னிக்குப் பள்ளத்துல சொன்னது கேட்டுதா இல்லயா?"

"கேட்டுது."

"நானே அவங்ககிட்ட பேசிடுவேன். பயம்லாம் இல்ல. ஆனா நான் சொன்னா, சம்பாதிக்கற திமிரும்பாங்க, எவனையோ வெச்சிருக்காம்பாங்க. நீ சொன்னா அப்படிச் சொல்ல மாட்டாங்கப்பா."

டீ ஆறிவிட்டது. பார்க்கலாம் என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

மல்லிகாவின் உத்தரவு: நாளைக் காலை பிள்ளையார் கோயிலில் வண்டிக்குப் பூஜை. "குடலப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க, பூஜை போடாம எடுக்கவே கூடாது. சம்பந்தியம்மாவும் வராங்க. அப்படியே பத்திரிகை வாசகத்தையும் முடிச்சிடலாம்."


ஜூலை 13, ஞாயிறு

கோயில் வாசல். மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். மாப்பிள்ளையின் அம்மா செங்கல்பட்டிலிருந்து வந்திருந்தார், கையில் வாசகம் எழுதிய தாள். பாபு வெள்ளை வேட்டியில், அடையாளமே தெரியவில்லை.

யாழினி ஸ்டியரிங் பக்கம் போனாள். மல்லிகா தடுத்துவிட்டாள். குடும்பத் தலைவர்தான் எடுக்க வேண்டுமாம். உட்கார்ந்தேன். பழத்தை நசுக்கும்போது எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெள்ள விட்டேன். முப்பது வருடப் பழக்கம்.

பழத்தின் மேல் ஏறும்போதே என்ஜின் நின்றுவிட்டது.

மறுபடி ஸ்டார்ட். மறுபடி நின்றது. "மிதி சார், மிதி" என்று பாபு. மூன்றாவது தடவை பதற்றத்தில் அதிகமாக மிதித்துவிட்டேன். பின்சக்கரம் சுழன்று, ஒரு பழம் நசுங்காமல் சீறிப் போய்க் குருக்கள் காலில் பட்டது. வண்டி திரும்பவும் நின்றது.

குருக்கள் காலைத் தடவிக்கொண்டு, "அதனால என்ன, அதனால என்ன" என்றார். மல்லிகாவின் முகம் செத்துவிட்டது.

சம்பந்தியம்மா தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. மூணு வாட்டி நின்னுடுச்சு. மனசுக்கு என்னவோ போல இருக்கு. பத்திரிகை இப்ப வேணாம். ஜோசியர மறுபடி ஒரு தரம் பாத்துட்டு, தையில வெச்சுக்கலாமா?"

யாழினி என்னைப் பார்த்தாள். எனக்கும் புரிந்தது. தலையை ஆட்டினால் போதும். தை வரை தள்ளும், ஜாதகத்தில் எதையாவது கண்டுபிடிப்பார்கள், தானாக அவிழ்ந்துவிடும். யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. மல்லிகாவிடமும் திட்டு வாங்க வேண்டாம்.

வேலையில் இத்தனை வருடமாக நான் எழுதுவது பழுது அறிக்கை. காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுவேன். தப்பான காரணத்தைப் போட்டு மூட எனக்குக் கை வராது. அது பெரிய குணம் ஒன்றும் இல்லை, பிடிவாதம்.

காரிலிருந்து இறங்கினேன்.

"சகுனம் இல்லீங்க. உள்ள ஒரு இரும்பு மாத்தியிருக்கோம், எடை கம்மி. நான் ஆக்ஸிலரேட்டர் குடுக்காம எடுத்துட்டேன். வண்டி நின்னது அதனாலதான்."

"சரிங்க. அப்ப ஆவணியிலயே..."

"கல்யாணம் வேற விஷயங்க. யாழினிக்கு விருப்பம் இல்ல. உங்க பையன் மேல எந்தக் குறையும் கிடையாது. அவ எங்கிட்ட சொல்லி ஒரு வாரம் ஆச்சு, நான்தான் வாயத் திறக்கல. மன்னிச்சிடுங்க."

மல்லிகா, "ஏங்க" என்றாள். அவ்வளவுதான். சம்பந்தியம்மா யாழினியைப் பார்த்தார். பிறகு பாபுவிடம், "தம்பி, ஒரு ஆட்டோ கூப்பிடறியாப்பா" என்றார்.


ஜூலை 14, திங்கள்

இரவு தூறல். காலையில் வெயில்.

மல்லிகா வைத்த இட்லி மேஜையில் இருந்தது, சட்னி இல்லை. யாழினி விடியற்காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகும்போது என் கையைப் பிடித்தாள். எனக்கு அழுகை வந்தது. அலுவலகப் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது நல்லதாயிற்று.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் சம்பந்தியம்மா போன். இனி அவரை அப்படிச் சொல்லக் கூடாது. வேறு எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. நன்றாகத் திட்டுவார் என்றுதான் எடுத்தேன். குரல் உயரவே இல்லை.

"சார், ராத்திரி பூரா யோசிச்சேன். நான்தான் சகுனம்னு எடுத்துக் குடுத்தேனே. அதப் புடிச்சுகிட்டு நீங்க சும்மா இருந்திருக்கலாம் இல்ல? ஊரு உலகத்துக்குச் சொல்ல எங்களுக்கும் ஒண்ணு இருந்திருக்கும். இப்ப என் புள்ள, எங்கிட்ட என்னம்மா குறைன்னு கேக்கறான். குறை இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் என்னன்னு சொல்ல?"

அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் எழுந்துபோய்விட்டார்கள்.