மாணவிகளை வாசலில் நிறுத்திய இணையப் பாதுகாப்பு வகுப்பு

அனுப்புநர்:
ம. ஆக்னஸ் பர்னாந்து (வயது 68),
சிலுவைக்கோவில் தெரு,
மீனவர் குடியிருப்பு, தூத்துக்குடி.

பெறுநர்:
மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: என் பேத்தி ஜெர்லினுக்குக் கட்டாய மாற்றுச் சான்றிதழ் கொடுப்பதை நிறுத்தவும், இணையப் பாதுகாப்பு வகுப்பை மாணவிகளுக்கும் நடத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இதை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தேதியில் பிழை இருக்காது.

1. என் மகன் சிலுவையின் மகள் ஜெர்லின் எங்கள் பகுதி மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். 24.07.2025 வியாழக்கிழமை அங்கே இணையப் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. மாணவர்களை உள்ளே உட்கார வைத்தார்கள். வகுப்பெடுக்க வந்தவரை வரவேற்க மாணவிகளைப் பூத்தட்டோடு வாசலில் நிறுத்திவிட்டு, பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைமையாசிரியர் தாணுலிங்கம் அவர்கள் சொன்ன காரணம்: "பொம்பளப் பிள்ளைகளுக்கு இது எதுக்கு? அதுக கையில போனா இருக்கு?" கொரோனா காலத்தில் வீடு வீடாக வந்து பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுங்கள் என்று சொன்னதும் இதே பள்ளிதான். 1967-ல் என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியபோதும் பொம்பளப் பிள்ளைக்கு இது போதும் என்றார்கள். சொன்னவர் பெயர் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

2. எங்கள் கரையில் பாஸ்வேர்டு என்றால் படகின் பெயரும் எண்ணும்தான். ரேஷன் கார்டு எண் மறந்தாலும் படகு எண் வீட்டில் யாருக்கும் மறக்காது. அதே எண்ணைச் சட்டப்படி படகின் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறோம். கரையில் நிற்கிற யாரும் வாசிக்கலாம். ஜெர்லின் தன் இன்ஸ்டாகிராமுக்குப் போட்டிருந்ததும் எங்கள் படகின் பெயரும் எண்ணும்தான். இந்த மடத்தனம் எங்களுக்கு உறைக்கவில்லை. உள்ளே விட்டிருந்தால் ஜெர்லினுக்கு உறைத்திருக்கும்.

3. 13.08.2025 புதன்கிழமை காலை 11.20-க்கு யாரோ அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு அவளுடைய இன்ஸ்டாகிராமைத் திறந்து, அதே பள்ளியின் அற்புதமணி டீச்சருக்கு வாயால் சொல்ல முடியாத செய்திகளை அனுப்பியிருக்கிறார்கள். மறுநாளே தலைமையாசிரியர் விசாரிக்காமல் ஜெர்லினிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார். நான் போய்க் கேட்டேன். "அவ பேருலதான பாட்டி வந்திருக்கு. திங்கக்கெழம வந்து டி.சி.ய வாங்கிட்டுப் போங்க" என்றார். நான் சொன்ன பதிலையும் மறைக்காமல் எழுதுகிறேன்: "ஒம்ம பேரு கூடத்தான் கக்கூஸ் செவுத்துல எழுதிக் கெடக்கு. நீரா எழுதினீரு?" நாங்கள் டி.சி. வாங்கப் போகவில்லை. அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அவளை வகுப்பில் விடவில்லை.

4. அந்த 11.20 மணிக்கு ஜெர்லின் பள்ளியில் கணக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. தேர்வறையில் மேற்பார்வை பார்த்தவர் தாணுலிங்கம் அவர்களேதான். பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது, செய்தியில் மணி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு ஒரு வாரமாக நேரமில்லை.

5. சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்து, யார் மேல் சந்தேகம் என்பதையும் சொல்லிவிட்டோம். அவன் அந்த இணையப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டவன், 13-ஆம் தேதி பள்ளிக்கு வராதவன். அவனும் படிக்கிற பிள்ளை என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

ஆகவே, மாற்றுச் சான்றிதழ் நடவடிக்கையை உடனே நிறுத்த வேண்டும். மிரட்டி வாங்கிய மன்னிப்புக் கடிதத்தை ஜெர்லின் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அற்புதமணி டீச்சரிடம் நடந்த உண்மையைச் சொல்ல வேண்டும். மாணவிகளுக்கும் எங்களுக்கும் சேர்த்து அந்த வகுப்பை மறுபடி நடத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போகாது, மீன் ஏலக்கூடமும் காலியாக இருக்கும். நாற்காலி நாங்கள் போட்டு வைக்கிறோம். வரவேற்பு கிடையாது.

25.08.2025 திங்கட்கிழமை காலை ஜெர்லின் சீருடையோடு பள்ளிக்குப் போவாள். நானும் கூடப் போவேன். அதற்குள் தங்கள் உத்தரவு வந்தால் அதைக் காட்டி உள்ளே போவாள். வராவிட்டால் இந்த மனுவின் நகலைக் காட்டி உள்ளே போவாள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
ம. ஆக்னஸ் பர்னாந்து

இடம்: தூத்துக்குடி
நாள்: 21.08.2025

இணைப்பு: போலீஸ் புகார் ரசீது நகல், செய்தி வந்த மணி தெரியும் படம்.