ராக்காயியின் கைநாட்டு

ஆலங்குடி,
14-9-1942

அன்பு நிறைந்த ஞானமணி அக்காவுக்கு, பிரகதாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் குழந்தை செங்கமலமும் சுகம். திருச்சியில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும்.

பர்மாவிலிருந்து அவர் கடிதம் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. அதை நினைத்துத்தான் அந்த மெட்ராஸ் மருந்துக் கம்பெனியில் எனக்காகச் சொல்லி வைத்தீர்கள். வேலைக்குக் கூப்பிட்டு எழுதிவிட்டார்கள். சுற்றுப்பட்ட ஊர்களுக்குப் போய்த் தாய்மார்களிடம் பிள்ளை மருந்தை எடுத்துச் சொல்லி விற்க வேண்டும். மாதம் நாற்பது ரூபாய். காலேஜ் படித்தவள் மருந்துப் பெட்டி தூக்குவதா என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வெட்கம் எனக்கில்லை, அக்கா. என் வெட்கம் வேறு.

கம்பெனி ஏஜெண்டு வந்து, மாதிரிக்கு ஒரு புட்டி கொடுத்து, பலன் கண்ட ஒரு தாயின் நற்சாட்சியைப் பதிலோடு அனுப்பச் சொன்னார். செங்கமலமும் வயிற்று வலியால் அழுதுகொண்டுதான் இருந்தாள். திறந்தேன், மோந்து பார்த்தேன், அபின் வாடை போலிருந்தது, மூடிவிட்டேன்.

மறுநாள் காலை, கடலை பறிக்கப் போகிற ராக்காயி அழுகிற பிள்ளையோடு வந்தாள். “படிச்சவுக கையால ஊத்துங்க ஆத்தா, கேட்டுரும்” என்றாள். ஊற்றினேன். அவள் பிள்ளைக்கு என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டு என் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்றுதான் ஊற்றினேன்.

அன்று பகல் முழுக்க அவள் பிள்ளை கண் திறக்கவில்லை. பாலுக்கும் எழவில்லை. நாலு தரம் கடலைக் கொல்லைக்கு நடந்து, தூளியை விலக்கி, மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தேன். “எம்மவனைப் பாக்க இம்புட்டு வெயில்ல வாராக, பாருங்கடி!” என்று ராக்காயி மற்றவர்களிடம் பெருமையடித்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் சிணுங்கினான்.

இன்று மடி நிறையக் கடலை கொண்டுவந்து கொட்டி, இன்னொரு புட்டி கேட்டாள். ஏஜெண்டு விட்டுப்போன நற்சாட்சிக் காகிதத்தைப் பார்த்து, தானாகவே விரலை நீட்டினாள். “எங்க கைநாட்டு மெட்ராசுக்கா போகுது?” என்று ஒரே சிரிப்பு. அந்த விரலில் நான்தான் மை தடவினேன்.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கம்பெனிக்கு அனுப்பத் துணிவில்லை. வேண்டாமென்று எழுத உட்கார்ந்தால் நாற்பது ரூபாய் கையைப் பிடிக்கிறது. நீங்களே கிழித்துவிடுங்கள், அக்கா. நாளை அவள் புட்டிக்கு வருவாள். அப்போதாவது உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வர வேண்டும்.

இதைப் படித்த பிறகும் என்னைத் தங்கச்சி என்று நினைத்தால், இரவு ஜெபத்தில் ராக்காயி மகன் ஆண்டியப்பனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செங்கமலத்தின் பெயருக்கு முன்னால் அவன் பெயரைச் சொல்லுங்கள்.

தங்கள்
பிரகதாம்பாள்