மைக் படம் போட்ட பொத்தான்

ஜூன் 12, 2013
ஷார்ஜாவில் என் வீட்டுக்காரரோடு ஒரே அறையில் இருக்கும் அப்துல் வஹாப் பாய் இன்று ஊருக்கு வந்தார். வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய லேப்டாப்பைத் தந்துவிட்டுப் போனார். இனி முகம் பார்த்துப் பேசலாம். அவருடைய உம்மா, என் மாமி, அதைத் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். மேல் வரிசைப் பொத்தான்களில் குட்டிக் குட்டிப் படங்கள். படம் இருக்கும்போது எனக்கென்ன பயம்?

ஜூன் 15
விமானப் படத்தை அமுக்கினேன். வெளிநாட்டுக்குப் பேச அதுதானே? நெட் போனது போனதுதான்.

ஜூன் 17
நெட் கனெக்‌ஷன் கொடுத்த ஜெகன் வந்து, அதே பொத்தானை இன்னொரு தடவை அமுக்கினான். அவ்வளவுதான் வேலை.
"ஏரோப்ளேன்ல போறவங்க நெட்டை நிறுத்துறதுக்கு இது, அக்கா."
நான் கும்பகோணம் போவதே வருடத்துக்கு இரண்டு தடவை. எனக்கு எதற்கு அது?

ஜூன் 20
பிறைப் படமும் இருக்கிறது. "அரபு நாட்டுலேர்ந்து வந்ததாச்சே, நோன்புக்குப் பிறை காட்டும்" என்றார்கள் மாமி. அமுக்கினோம். லேப்டாப் தூங்கிவிட்டது.

ஜூன் 25
அவருடைய கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்களாம். சனிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டுமாம். லேப்டாப்பில் வந்து "நீ என்ன சொல்றே?" என்றார்.
சொல்கிறேன்! ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்க வேண்டும் என்று மைக் படத்தை அமுக்கிவிட்டு ஆரம்பித்தேன். மைக், அதன் குறுக்கே அழகாக ஒரு கோடு.
கல்யாணமாகி ஆறு வருஷத்துல எட்டு மாசந்தான் வீட்ல இருந்திருக்கீங்க. வாப்பா எங்கேன்னா ஆஷிகா இந்தப் பெட்டியைக் காட்டுறா. பெருநாளைக்கு நான் யாருக்கு ஆக்கிப் போடுறது? — எல்லாம் கேட்டுவிட்டேன். மாமியைப் பற்றிக்கூட நாலு வார்த்தை. அரை மணி நேரம்! குறுக்கே பேசவே இல்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் "சரிம்மா" என்றார்.
வந்துவிடுவார்.

ஜூன் 27
போனில் சொல்கிறார்: "அன்னைக்கி சத்தமே வரல, லத்தீஃபா. வாய் மட்டும் அசைஞ்சுச்சு. நீ திட்டுறேன்னு தெரிஞ்சுச்சு. அதான் சரின்னுட்டேன்."
யா அல்லாஹ். அரை மணி நேரம்!
மாமியைப் பற்றிச் சொன்னதும் போய்ச் சேரவில்லை. அது ஒன்றுதான் நல்லது.

ஜூன் 28
வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு. ஜெகனிடம் கேட்டு மைக்கைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். அன்று பேசியதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கோபமாவது வரட்டும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. அவர் காத்திருந்தார்.
"வந்துடுங்க" என்றேன்.
அவர் அசையவே இல்லை. படம் நின்றுவிட்டதோ?
"கேக்குதாங்க?"
"கேக்குது."
அப்புறம் மூக்கை உறிஞ்சினார். அதுவும் நன்றாகவே கேட்டது.

ஜூன் 29
கையெழுத்துப் போடவில்லையாம்.

செப்டம்பர் 8
காலையில் அவரைக் கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னேன். கொத்தமல்லியோடு வந்து நின்றார். "இதா கறிவேப்பிலை?" என்று திருப்பி அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே கடைத்தெருவுக்குப் போனார்.
பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்.